ஊர்வாய் மூடிய அரைமணி நேரம்

எங்கள் இடவழியில், இந்தச் சின்னச் சந்தில், சத்தம் இல்லையென்றால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். மற்ற நாளெல்லாம் சத்தம்தான். மேற்கே கிறிஸ்தவச் சபைக் கோயில். அதன் உச்சியில் திசைக்கு ஒன்றாக ஒலிபெருக்கி. கிழக்கே மர மில். நடுவில் கோழி, நாய், மதிலுக்கு மேலே தலையை நீட்டி நடக்கும் பேச்சு, பைக்கில் பெட்டி கட்டி வருகிற மீன்காரரின் ஹாரன். கல்யாணமாகி, கேரள எல்லையோரத்தில் இருக்கிற இந்தக் கொல்லயிலுக்கு வந்த புதிதில் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. பிறகு காது பழகிக்கொண்டது. அப்படிப் பழகிய காதை ஒரு கம்பெனி கெடுத்துவிட்டது.

பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். பிள்ளைகள் குறைந்தார்கள், அதனால் டீச்சர்களையும் குறைத்தார்கள். லீவு முடிந்து நீங்கள் வரவேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று மஸ்கட்டில் பள்ளிக்கூட வேலை. ஏஜெண்ட் தயாராக இருந்தார். நாலைந்து டீச்சர்கள் ஒரே வீட்டில் தங்கவேண்டும், குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. இன்னொன்று, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் மஸ்கட் போனால் அவள் அமரவிளையில் என் அண்ணன் வீட்டில் வளர்வாள், நான் போனில் வருகிற முகமாக இருப்பேன். அது என்னால் ஆகாது. வீட்டிலிருந்து செய்கிற அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

முதல் இன்டர்வியூவில் தோற்றேன். ஆங்கிலத்தில் இல்லை, சத்தத்தில். நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது சேவல் கூவியது. அது அடங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டி, "மக்கா, கறிவேப்பிலை உண்டா?" என்று கேட்டாள். அவள் கேட்டால் பாறசாலை ஸ்டேஷனில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். சூழல் வகுப்பு நடத்த ஏற்றதல்ல என்று மெயில் வந்தது. இன்னும் ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம், அதற்குமேல் விண்ணப்பிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகு நான் பாடம் தயாரித்ததைவிட அமைதியைத் தயாரித்ததுதான் அதிகம். சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டினேன். தலையில் மாட்டுகிற ஹெட்செட் வாங்கினேன். கையில் மாட்டி ஆட்ட ஒரு தவளைப் பொம்மை. கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே சத்தத்தை அளந்து காட்டும் ஒரு கோடு இருந்தது. அமைதியாக இருந்தால் பச்சை, சத்தம் வந்தால் சிவப்பு. வெளியே ஒரு தென்னை ஓலை விழுந்தாலும் அது சிவந்துவிடும். நாள் முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் திருவனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார், காலை ரயிலில் போய் ராத்திரி வருவார். களைத்து வருகிற மனுஷன் இருமினால்கூட முறைத்தேன். அவர் தன் வீட்டிலேயே திருடனைப்போல் கால்விரலில் நடந்தார்.

மகள்தான் பெரிய பாடு. படம் வரைந்தால் பாடிக்கொண்டேதான் வரைவாள். ஒருநாள் நான் தவளையை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது அவள் வாசல் படியில் விழுந்து, முட்டி தேய்ந்து, அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். கோடு சிவந்தது. எனக்கு முட்டி தெரியவில்லை, கோடுதான் தெரிந்தது.

"வீடே இடிஞ்சு விழுந்தாலும், நான் பேசிட்டு இருக்கும்போ ஒரு சத்தம் வரப்பிடாது, மிண்டப்பிடாது. கேட்டியா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் கொஞ்சம் அழுகை கசிந்தது. பிறகு அதுவும் நின்றது. கோடு பச்சைக்கு வந்தது. கெட்டிக்காரி என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நாளைக்குக் காலையில் அரைமணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர் மூடிக்கொண்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மர மில்காரர் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போவதாகச் சொன்னார். கோயில் உபதேசியார் அறிவிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். மீன்காரர் ஹாரன் அடிக்காமல் வருவதாகச் சத்தியமே செய்தார்.

"அதுக்கென்ன மக்கா, நீ தைரியமா பேசு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "நாங்க எல்லாரும் வாயில கொழுக்கட்டைய வச்சிட்டு இருக்கோம். பிள்ளைய எனக்கிட்ட விட்டிரு."

அவள் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். "நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணல்ல டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகளுக்குத் தலைசீவி, கலர் பென்சில்களைக் கையில் கொடுத்து அக்கா வீட்டில் விட்டேன். நான் வந்து கூப்பிடுகிறவரை சத்தம் போடக்கூடாது என்று மறுபடியும் சொன்னேன். அவள் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். போய்த் திரும்பியபோது யாரோ எங்கள் கேட்டின் கொண்டியில் பழந்துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அக்கா தன் கோழிகளைக் கூடையால் மூடி, அதன்மேல் சாக்கும் போட்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. கேட்டு வாங்கிய அமைதிதான். ஆனாலும் எங்கள் இடவழி அப்படிக் கிடந்ததை நான் ஒரு சாவு நாளில் மட்டும்தான் கண்டிருந்தேன். எழுந்துபோய் ஒருமுறை மகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. சே, என்ன பைத்தியம் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

இன்டர்வியூ செய்தவள் நல்ல பெண். எந்த நாடென்று தெரியவில்லை. படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டாள். பிறகு மாதிரி வகுப்பு. தான் ஆறு வயதுக் குழந்தையாக நடிப்பதாகவும், நான் அவளுக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டாள். பேச மறுக்கிற குழந்தை. அப்படிப்பட்ட குழந்தையை எப்படிப் பேசவைக்கிறேன் என்பதுதான் பரீட்சை.

நான் தவளையை எடுத்தேன். தவளை கேட்டது, பாடியது, தும்மியது. அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜன்னல் வழியாக ஆட்டோவைப் பார்த்தேன். எங்கள் இடவழி மெயின் ரோட்டை நோக்கிச் சரிந்து போகும். ஆட்டோக்கார அண்ணன் வண்டிக்கு வெளியே ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் இரண்டு பெண்கள் குனிந்து தள்ளினார்கள். மழை இல்லை, ஆனாலும் பக்கத்துப் படுதாவை இறக்கி விட்டிருந்தார்கள். என்ஜின் போடாமல் தள்ளுகிறார்கள், எனக்காக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்து லேசாகத் தலையாட்டினேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நெகிழ்ச்சியிலேயே வகுப்பை எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பாடம் நடத்தியதில்லை. பயப்படாதே, உனக்கு என்ன வேண்டுமோ சொல், சத்தமாகச் சொல், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தவளை ஆங்கிலத்தில் சொன்னது. கடைசியில் அவள் ஒரு சொல் சொன்னாள், பிறகு சிரித்தாள். நடிப்பை விட்டுவிட்டு, பிள்ளைகள் உங்களை நம்புவார்கள் என்றாள். உங்கள் வீடு எவ்வளவு அமைதி என்றும் சொன்னாள்.

முடிந்தது. வெளியே வந்து, "முடிஞ்சாச்சு, இனி எல்லாரும் சத்தம் போடலாம்," என்று கத்தினேன். மகளைக் கூப்பிட அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்து, தீயில் சொட்டிக்கொண்டிருந்தது. கோழிகள் சாக்குக்கு அடியில் நகர்வது தெரிந்தது. பின்முற்றத்தில் மகளின் பென்சில்கள் சிதறாமல் ஒழுங்காக இருந்தன. அவளைக் காணவில்லை.

எதிர்வீட்டுக்காரி ரோட்டுப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாள். ஆட்டோவைத் தள்ளியவர்களில் ஒருத்தி.

"பேடிக்காண்டாம் டீச்சரே. பிள்ளைக்க காலுல என்னவோ கடிச்சு. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்கு. அக்காவும் கூட உண்டு."

"என்னை ஏன் கூப்பிடல்ல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க பேசிட்டு இருந்தியளே. ஒரு வேலைக்காரியம் இல்லியா. அவ ஒரு துளி கண்ணீரு விடல்ல, கரையல்ல, கேட்டியளா. நல்ல பிள்ளையாக்கும்."

அவளை அறைந்துவிடலாம் போல் ஆத்திரம் வந்தது. அவள்மேல் என்ன தப்பு இருக்கிறது? கழுத்தில் ஹெட்செட் தொங்க ரோட்டுக்கு ஓடினேன். ஹாரன் அடிக்காமல் வந்துகொண்டிருந்த மீன்காரர் என் கோலத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அமரவிளைப் பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே வழி கேட்டு அவர் விடாமல் ஹாரன் அடித்தார்.

அவசரப் பிரிவில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பாதம் கணுக்கால்வரை வீங்கி, தோல் பளபளத்தது. டாக்டர் அக்காவிடம், "எப்போழாணு கடிச்சது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் கடித்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தென்னை மட்டை அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள், கொஞ்ச நேரம் கழித்து முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துக் கேட்டபோதுதான் காலைக் காட்டினாள் என்று அக்கா சொன்னாள். கடித்ததும் குழந்தை அழவில்லையா என்று டாக்டர் கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு அணலி என்றார். கண்ணாடி விரியனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

நான் குனிந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தாள். மூச்சாகத்தான் கேட்டாள்.

"அம்மா, பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு மக்கா."

"இனி கரையட்டா?"

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

விஷமுறிவு மருந்து ஏற்றி, அங்கிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் நின்றுபோகுமோ என்று பயந்தார்கள். கணவர் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். கழுத்தில் அளவு நாடா கிடந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது தேர்வு ஆகிவிட்டேன் என்று மெயில் வந்தது. போனைத் தரையில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை, சைலண்டில் போட்டேன்.

பிழைத்துவிட்டாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மட்டும் தோல் கறுத்துச் சுருங்கியிருக்கிறது. நடக்கிறாள், ஓடுகிறாள். வேலையை ஏற்றுக்கொண்டேனா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றுக்கொண்டேன். இல்லையென்றால் மஸ்கட். அவளை விட்டுப் போகாமல் இருக்க வேறு வழி எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அக்காவோடு ஒருநாள் மட்டும் சண்டை போட்டேன். "நீ தானே மக்கா சொன்ன," என்றாள். அதோடு சண்டை முடிந்துவிட்டது. ஆட்டோக்கார அண்ணன் இன்னும் எங்கள் வீட்டைத் தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார். வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. ஜன்னலில் அது தெரியும்போதெல்லாம் எழுந்துபோய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தினமும் முகம் தெரியாத ஊர்களின் பிள்ளைகளிடம் சத்தமாகப் பேசு, கூச்சப்படாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். மகளிடமும் சொல்லியிருக்கிறேன், சம்பளம் இல்லாமல், ஆயிரம் தடவை. வலித்தால் கத்து, கதவை உதை, நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளே வா. அவள் சரி அம்மா என்கிறாள். சொல்வதெல்லாம் கேட்கிற பிள்ளை. இப்போதெல்லாம் வகுப்பு எடுக்கும்போது அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பாதி வகுப்பில் அவள் சத்தமில்லாமல் வந்து, வெளியிலிருந்து அதைச் சாத்திவிட்டுப் போகிறாள்.