கல்யாணத்துக்கு வந்த சங்கு

பேச்சிராஜ் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "யாருக்கு வே?"

"எனக்குத்தான். சீனி கம்மியா ஒண்ணு."

வள்ளியூரில் இழவு வீடுகளுக்குச் சங்கு ஊதுகிறவர் அவர். சங்கை ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு, மேலே இரண்டு வாழைக்காயை வைத்து மறைத்துக்கொண்டு போவார். அப்படியும் தெருவில் பெண்கள் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். மச்சினன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனார். "அத்தான், நீங்க பைய, மெதுவா வந்தாப் போதுமே" என்று சொல்லிவிட்டு மச்சினன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பெருமாள் கோயிலில் அதே சத்தத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. பொறாமையெல்லாம் நாகஸ்வரக்காரர்கள் மேல்தான். "அவுகளும் காத்தத்தான ஊதுதாவ?" என்பார். ஒரு கல்யாணத்திலாவது ஊதிவிட வேண்டும் என்று ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொன்னார், சிரித்தார்கள்.

போன தை மாதம் வள்ளியூர்ப் பையன் சிவகணேஷுக்கும் ஒரு வங்காளத்துப் பெண்ணுக்கும் கல்யாணம். பெண்ணின் ஊரில் சங்கு முழங்காமல் கல்யாணம் கிடையாது. பெண்ணின் அத்தை கொண்டுவந்த சங்கு ரயிலில் உடைந்துபோனது. பெண்ணின் அம்மா அழுதுகொண்டே மண்டப மேலாளர் கணேஷ்ராமிடம் வந்து, இரு கைகளையும் வாயருகே குவித்து ஊதிக் காட்டினார்.

கணேஷ்ராம் எழுந்து நின்றார். "யாரு தவறுனது?"

விஷயம் விளங்கியதும் பேச்சிராஜுக்குப் போன் போட்டார்.

"எப்ப எடுக்காவ?" என்றார் பேச்சிராஜ், வழக்கம்போல்.

"எடுக்கலை வே. கல்யாணம்."

"தம்பி, காலையிலேயே போட்டுட்டியளா?"

சவரம் செய்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தார். பை இல்லை. சங்கு கையில் இருந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நீலாம்பாள் மறித்துக்கொண்டார். கணவர் போய் இரண்டு வருடமாகிறது. அன்று தெருவில் முன்னால் ஊதிக்கொண்டு போனவர் பேச்சிராஜ்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஊதுன வாய் இது. எம்பிள்ளைக்கு ஊதப்பிடாது."

"குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன் தாயி."

நீலாம்பாள் நகரவில்லை. பெண்ணின் அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாய்தான வேண்டாங்கீய?" என்றார் கணேஷ்ராம். "சங்கு மட்டும் உள்ள போகட்டும்."

சங்கை மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். பேச்சிராஜுக்கு வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நின்றால் மணமேடை தெரிந்தது.

தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் அத்தை ஊதினார். வங்காளப் பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். விதவை என்று பின்வரிசையிலேயே இருந்த நீலாம்பாள், மேடையேறிப் போய் மகனின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

வாசலுக்கு வெளியே பேச்சிராஜ் வாயை இறுக மூடியிருந்தார். உள்ளே சத்தம் ஓயும்வரை அவர் கன்னங்கள் உப்பியபடியே இருந்தன.