சத்தமில்லாத தலைநகரில் என் மகள்

வியன்டியான் விமான நிலைய வாசலில் நின்றவர்கள்: நான். மனைவி ரஜனி. அவளுடைய தம்பி குகன். மகள் வினுஜா, வயது பதின்மூன்று. நான் ஒஸ்ரேலியாவுக்கு வள்ளம் ஏறியபோது அவளுக்கு எட்டு மாதம்.

மகளும் நானும் மூன்றடி தள்ளி நின்றோம். குகன்தான் வாய் திறந்தான்.

“என்ன அத்தான், சிக்னல் இல்லையோ? ரெண்டு பேரும் அப்பிடியே நிக்கிறியள்.”

ரஜனி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

ஏன் வியன்டியான் என்று சிட்னியில் நான் இருக்கும் டூங்கபியில் கேட்காத ஆள் இல்லை. லாவோஸின் தலைநகர் அது. எனக்கு இலங்கைக்குப் போக முடியாது. அகதி என்று தந்த என் பயணப் புத்தகம் அந்த ஒரு நாட்டுக்குச் செல்லாது. அவர்களுக்கு ஒஸ்ரேலியாவுக்கு விசிட் விசா இரண்டு தரம் இல்லை என்றாகிவிட்டது. இரண்டு பக்கத்தையும் உள்ளே விட்ட ஊர் அது. அவ்வளவுதான். இப்போது எனக்கு நிரந்தர விசா, இருவரையும் கூப்பிடலாம். மகள் விரும்பினால்தான் வருவேன் என்று ரஜனி முடிவாகச் சொல்லியிருந்தாள். மகளிடம் ஒரு சம்மதம் வாங்கத்தான் போனேன்.

தலைநகர் என்றார்கள். ஹோர்ன் சத்தம் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று முந்தாமல் போயின. சந்தையில் விலையைக்கூட மெல்லத்தான் சொன்னார்கள். பொழுதுபட எங்கள் தெருவில் கடைகளைச் சாத்தினார்கள். ரஜனி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தாள். “ஊரடங்கோ இஞ்ச?” என்று கேட்டாள். சத்தமில்லாத தெருவுக்கு எங்களிடம் வேறு அர்த்தம் இல்லை. நானும் விரைவாகத்தான் நடந்தேன்.

விடுதிக்காரி நல்ல மனுசி. சிட்னியிலிருந்து குடும்பமாக விடுமுறைக்கோ என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் ஓம் என்றேன். பெரிய கட்டில் போட்ட ஓர் அறையைத் திறந்து காட்டினாள். மகள் தாயைப் பார்த்தாள். பிறகு தாயும் மகளும் ஓர் அறை, நானும் குகனும் ஓர் அறை.

சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் போன்தான் எனக்கு வீடு. பிள்ளை பேசப் பழகியதே அதில்தான். பிறகு கோழி பக்டறி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். பள்ளிக்கூடம், ரீச்சர்மார், சிநேகிதிகளின் சண்டை, ஒன்றும் ஒளிக்கமாட்டாள். அந்தப் பிள்ளைதான் இங்கே எனக்கு எதிரே இருந்து, ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு சாப்பிட்டது.

நாலாம் நாள் பின்னேரம் மீகொங் கரைக்குத் தனியே போனேன். ஆறு வற்றி மணல் கிடந்தது. போன் அடித்தது. வினுஜா. குகன் மாமாவின் குறட்டை சுவர் தாண்டிக் கேட்குதாம். இந்த ஊர்ச் சோறு பசை மாதிரி ஒட்டி, கையை விட்டு விழாதாம். சிரித்துக்கொண்டு கரையோரத்து எங்கள் விடுதிப் பக்கம் திரும்பினேன். விடுதியின் மேல்மாடியில் போனோடு நின்றாள். கதைத்தபடியே அவளை நோக்கி நடந்தேன்.

“வராதேங்கோ அப்பா. அங்கயே நில்லுங்கோ.”

நின்றேன்.

“அம்மாவோட சிட்னிக்கு வருவியோ?”



“இப்பிடியே கதைப்பம் அப்பா.”

பிறகு நான் கேட்கவில்லை. ரஜனியும் கேட்கவில்லை. விண்ணப்பப் பேப்பர்களைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

போன ஞாயிறு, டூங்கபியில் குசினிக் கதிரையில் இருந்தபோது அவளே எடுத்தாள். பழையபடி சிரித்துச் சிரித்துக் கதைத்தாள்.

நாற்பத்திரண்டு நிமிசம்.