சித்தப்பாவின் அருவிப் படங்கள்

எங்கள் வீட்டில் ஒரு கேமரா இருந்தது. ஆனால் என்னை எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. தென்காசியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் கேமரா கிடையாது. கேமரா இல்லாத வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஸ்டூடியோவுக்குப் போய், சடையில் தாழம்பூ வைத்துத் தைத்து, பின்னால் கண்ணாடியில் அந்தச் சடை தெரியும்படி நின்று படம் எடுத்துக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். என்னையும் கூட்டிப் போகச் சொன்னால், "வீட்டுலயே கேமராவ வச்சுக்கிட்டு ஸ்டூடியோக்காரன் வாசல்ல போயி நிக்கணுமாக்கும்?" என்பார் அப்பா. வீட்டுக் கேமரா சித்தப்பாவுடையது. சித்தப்பா அதில் குற்றாலத்து அருவியை மட்டும்தான் எடுப்பார்.

அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனியில் சாரல் பிடித்து, பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டதும் அந்த டப்பா கேமராவைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சுருளில் உள்ள அத்தனை படத்தையும் ஒரே இடத்தில் நின்று எடுத்துத் தீர்த்துவிட்டு வருவார். கழுவி வந்ததும் அதில் ஒன்றைப் பொறுக்கிச் சட்டம் போட்டு, மாடியில் தன் அறைச் சுவரில் மாட்டுவார். அப்படி வரிசையாகப் பல படங்கள் இருந்தன. கதவுப் பக்கத்து முதல் படம் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. மலைமேல் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்தது இலஞ்சி வயல் வரப்பில் நின்று எடுத்தது. அதற்கடுத்தது குற்றாலம் ரோட்டு மரத்தடியில். கடைசியாக மாட்டியிருந்தது கோயில் மதில் ஓரத்திலிருந்து எடுத்தது. ஒரு படத்திலும் ஒரு மனுஷப் பூண்டு கிடையாது.

"அதே மலை, அதே தண்ணி. அருவி என்ன வருசத்துக்கு ஒரு சட்டையா மாத்துது?" என்று அப்பா கேலி செய்வார். நானும் அப்பா கட்சிதான். இவ்வளவு படத்தை வீணாக்குகிற மனுஷர் ஒரே ஒரு படத்தில் என்னை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தெருக்கோடி நெல்லு மில் ஓட ஆரம்பித்தால் சித்தப்பா சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து போய்விடுவார். தீபாவளியன்று மாடி அறையில் நெல்லுக் குதிருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரைச்சல் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் நம் வீட்டில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறார் என்று அம்மா சொல்லுவாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். புத்தி கலங்கினவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய், உச்சந்தலையில் எண்ணெயை அப்பி, அருவிக்கு அடியில் பிடித்து நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பார்கள். தம்பிமேல் உயிரை வைத்திருந்த அப்பாவும் அதைத்தான் செய்தார். பலசாலிகள் இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, சித்தப்பாவை இழுத்துப் போய்ப் பேரருவியில் நிறுத்தினார். இரைச்சலுக்குப் பயந்த மனுஷரை, ஜில்லாவிலேயே பெரிய இரைச்சலுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்து என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் அதற்கு மேல் யோசிப்பதில்லை. சித்தப்பா அப்பாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு, ஈர வேட்டியோடு தென்காசி வரைக்கும் ஓடியே வந்து சேர்ந்தார். அப்பாவின் கையில் பல் தடம் நிலைத்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் குற்றாலத்துக் குரங்கு கடித்தது என்று சொல்லிவைத்திருந்தார் அப்பா. குற்றாலத்துக் குரங்கைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊரில் நம்புவார்கள்.

மொட்டைமாடியிலிருந்து அந்த முதல் படத்தை எடுத்தது அதற்கு அடுத்த வருஷம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தப்பாவுக்கு வீரகேரளம்புதூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டும், 'பட்டாளத்தில் கிறுக்குப் பிடித்த மாப்பிள்ளை' என்ற பேச்சில் நழுவிப்போயிருந்தன. இந்தப் பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, "சரி மதினி" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். ஜாதகமும் சேர்ந்தது. அப்போதுதான் பெண்ணின் அப்பா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு பிடித்திருக்கிறாராம். எல்லோரும் வந்தால் ஆம்பிளைகள் சேர்ந்து அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, அங்கேயே பேசி முடித்துவிடலாமாம்.

எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. சீசன் நேரத்தில் சம்பந்தக்காரர்கள் சேர்ந்து குளிப்பது வெற்றிலை பாக்கு மாற்றுகிற மாதிரிதான். ஆனால் அம்மா முகம் வாடிவிட்டது. பெண்ணின் அப்பா எதையோ கேள்விப்பட்டுத்தான் இப்படிக் கூப்பிடுகிறார் என்று அப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா அருவிக்குள் வரமாட்டார். வரமாட்டேன் என்று நின்றால் கிறுக்கு என்ற பேச்சு உறுதியாகிவிடும், இந்தச் சம்பந்தமும் போய்விடும். இதற்கு மேல் ஒரு வீட்டில் போய்ப் பெண் கேட்க முடியாது. அப்பா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கூடத்தில் நடந்தார். ஜலதோஷம் என்று சொல்லலாமா என்று கேட்டார். "குத்தாலத்துல போயி ஜலதோசம்னு சொன்னா நாயி கூட நம்பாது" என்றாள் அம்மா.

கடைசியில் யோசனை அம்மாவுக்குத்தான் வந்தது. என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அருவியப் பாத்ததும் பயமா இருக்குன்னு ஓன்னு அழணும், என்ன? சித்தப்பா உன்னப் பிடிச்சிக்கிட்டுக் கரையிலயே நிப்பாக. நீ நல்லா அழுதேன்னா உன்னப் போட்டோ பிடிப்பாக."

அருவி என்றால் எனக்கு உயிர். அதைப் பார்த்துப் பயப்படுவதுபோல் அழுவது மானக்கேடு. ஆனால் போட்டோ என்று காதில் விழுந்ததும் மானம் எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டு நாள் கொல்லையில் நின்று அழுது பழகினேன்.

குற்றாலத்தில் அன்றைக்கு நல்ல சாரல். அம்மா பெண்வீட்டுக்காரர்களோடு அவர்கள் பிடித்திருந்த வீட்டிலேயே இருந்துகொண்டாள். அப்பா, சித்தப்பா, பெண்ணின் அப்பா, நான் என்று நான்கு பேரும் விடிந்ததும் அருவிக்குப் போனோம். வீரகேரளம்புதூர்க்காரர் தொப்பையும் குடுமியுமாக நல்ல ஆகிருதி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கோயில் மதிலைத் தாண்டும்போது சித்தப்பாவின் நடை தயங்கியது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்தியது. அப்பா எனக்குக் கண் காட்டினார். நான் ஓவென்று ஆரம்பித்தேன்.

பழகினது வீண்போகவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, நீ பிள்ளையப் பாத்துக்கிட்டு இங்கனயே நில்லுலே தம்பி" என்று அப்பா பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எல்லாம் அம்மா சொன்னபடிதான் நடந்தது. பெண்ணின் அப்பாவிடம் அம்மா எதுவும் சொல்லிவைக்கவில்லை, அதுதான் கோளாறு. அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுக் குளிக்கப் போகிற மனுஷர் இல்லை அவர்.

"என்னட்டி, தண்ணிக்கா பயப்படுத? நான் இருக்கேம்லா!" என்றார். அடுத்த நிமிஷம் நான் அவர் தோளில் இருந்தேன். அப்பா "ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி" என்று பின்னாலேயே ஓடிவந்தார். சித்தப்பா மதிலோரத்தில் தனியாக நின்றார், கழுத்தில் கேமராவோடு.

அருவியின் ஓரத்துச் சாரல் மேலே பட்டதும் நான் அழுகையை மறந்தேன். அவர் என்னைப் பாறையில் இறக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டித் தண்ணீரை வாங்கினார். நானும் நீட்டினேன். மூச்சு முட்டியது, சிரிப்பாக வந்தது. அப்போதுதான் போட்டோ ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் சித்தப்பா அதே இடத்தில் நிற்கிறார், கேமராவை வயிற்றோடு பிடித்துக் குனிந்து பார்த்தபடி. அங்கே நின்று எடுத்தால் படத்தில் நான் எறும்பு மாதிரிதான் இருப்பேன். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"சித்தப்பா! இங்கன வாங்க! அங்கன நின்னா நான் தெரிய மாட்டேன்!"

அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சித்தப்பா தலையைத் தூக்கினார். ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வேட்டியை மடித்துக் கட்டவில்லை. எண்ணெய்க்காரர்களைத் தள்ளிக்கொண்டு, வழுக்குப் பாறையில் ஒரு தடவை விழுந்து எழுந்து, நேராக என் முன்னால் வந்து என் தோளைப் பிடித்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். நானோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஸ்டூடியோ படத்துப் பிள்ளைகள் மாதிரி சிரித்து நின்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன், ஆனால் சிரித்தார். தலையில் அருவி கொட்ட, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கேமராவை என்னைப் பார்க்கத் திருப்பி அமுக்கினார். பிறகு அதை அப்பா கையில் கொடுத்துவிட்டு, சட்டையோடு தண்ணீருக்குள் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அப்பா கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையோரம் நின்று விசும்பினார். நனைந்திருந்த முகத்தில் கண்ணீர் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

குளித்து முடித்துக் கடைத்தெருவுக்கு வரும்போது பெண்ணின் அப்பா அப்பாவிடம் சொன்னார்: "ஊர்ல நாலு பேரு நாலு விதமாச் சொன்னாக அண்ணாச்சி, மறைக்கதுக்கென்ன. பிள்ளைக்காகச் செருப்பக்கூடக் கழத்தாம ஓடி வாற மனுசன்ட்ட வேற என்னத்தப் பாக்கணும்?"

அப்பாவுக்கு வந்த நிம்மதியில் வாயும் அவிழ்ந்துவிட்டது. மணிக்கட்டை நீட்டி, "இது குரங்கு இல்ல அண்ணாச்சி, இவன்தான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீரகேரளம்புதூர்க்காரர் அந்தத் தடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்பிளைக்குப் பல்லு உறுதிதான்" என்றார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தார்கள்.

அன்று சாயந்தரம் வீடு திரும்பியதும் சித்தப்பா அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு மங்குஸ்தான் உரிப்பதே பெரிய வேலை. அவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னாளில், என் கல்யாணத்துக்கு முறுக்குச் சுடும்போது அம்மா சொன்னாள். பர்மாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவன் எதிரே கையைத் தூக்கிக் கூப்பிட்டானாம். வாய் திறந்தது தெரிந்ததாம், சத்தம் கேட்கவில்லையாம். இவரால் அவனிடம் போக முடியவில்லையாம். "இன்னைக்குப் போயிட்டேன் மதினி" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோரைக் குடித்தாராம். அன்றிரவு மாடி அறையின் தகரக் கூரையில் மழை கொட்டியும் அவர் அசையாமல் தூங்கியதை அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

படம் கழுவி வந்த நாளில் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் அழுதேன். ரொம்பக் கிட்டே நின்று எடுத்தால் டப்பா கேமராவில் எதுவும் தெளிவாக விழாதாம், ஸ்டூடியோக்காரர் சொன்னார். படம் முழுக்க வெள்ளை. நடுவில் கலங்கலாக ஒரு ரிப்பன், திறந்த வாய், இரண்டு பல். "இது நானே இல்ல" என்று தரையில் விழுந்து புரண்டேன். சித்தப்பா அதைப்போய்ச் சட்டம் போட்டு, வரிசையில் கடைசியாக ஜன்னல் ஓரத்தில் மாட்டினார்.

தையில் கல்யாணம் நடந்தது. சித்தி வந்த மறுநாள் நான்தான் அவளுக்கு மாடி அறையைக் காட்டினேன். கதவுப் பக்கத்துப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஜன்னல் வரைக்கும் மெதுவாக நடந்தாள். என் படத்தருகில் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "எம்புட்டுத் தூரம் வந்திருக்கீக" என்றாள். தென்காசியிலிருந்து குற்றாலம் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை, வண்டி கட்டினால் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நான்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

அடுத்த சாரலுக்குச் சித்தப்பா அருவியை எடுக்கவில்லை. சித்தியை எடுத்தார். அப்பாவை, அம்மாவை, வண்டிமாட்டை எடுத்தார். தாழம்பூச் சடையோடு என்னை எடுத்தார், முகம் முழுசாகத் தெரியும்படி. அந்தக் கலங்கல் படம் கழுவி வந்த அன்று நான் போட்ட கூப்பாட்டுக்குப் பயந்துதான் சித்தப்பா அருவியை விட்டுவிட்டார் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.