பாங்குக்கு முந்திய வோல்டேஜ்

கம்பியூட்டர் திருத்துகிறவனைப் பழுதான பெட்டி பயமுறுத்துவதில்லை. கடையில் ஒழுங்காக ஓடிவிட்டு வாடிக்கையாளர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் பெட்டிதான் பயமுறுத்தும். தொண்ணூறுகளில், கிழக்கிலங்கையின் கல்முனை பஸார் பக்கம் ஒரு சின்ன அறையில் நானும் பாண்டிருப்பு ஜீவாவும் கடை நடத்தினோம். புதிதாக எதையாவது பொருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டு, டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கத் தயங்கியவர்கள் உங்களில் இருந்தால், என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும்.

சவூதிப் பொதி

நஸீரா டீச்சருக்குச் சம்மாந்துறை. கணவர் சவூதியில். லீவில் வந்த ஒருவரிடம் அவர் ஒரு பொதி கொடுத்தனுப்பியிருந்தார்: பெரிய ஹார்ட் டிஸ்க், சீடி டிரைவ், வேகமான புரொசஸர். வீட்டில் இருந்த பழைய பெட்டியில் இவை எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டிய பவர் சப்ளையைப் பற்றி அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. நாலு பேருக்கு ஆக்கிய சோற்றுக்குப் பத்துப் பேரை உட்காரவைத்த கதைதான். அதையும் மாற்றவேண்டும் என்று சொன்னேன்.

டீச்சர் நோன்பு லீவில் தன் வீட்டில் ஆறு பெண்பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். மகள்களை டவுனுக்கு அனுப்ப மாட்டோம் என்ற வாப்பாமார், டீச்சர் வீடுதானே என்று அரைமனதோடு விட்டிருந்தார்கள். அவர் பவர் சப்ளைக்குச் சரி என்றார். ஆனால் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்று சொன்னார், அதைக் கேட்டபிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது.

"ஒவ்வொரு வாப்பாட்டயும் கெஞ்சித்தான் இந்தப் புள்ளயளக் கூட்டி வந்திரிக்கன், தம்பி. மெஷின் ரெண்டு நாள் நிண்டா, மூணாவது நாள் ஒருத்தியும் வரமாட்டா."

வேலை செய்யாத வேலை

புதிய பவர் சப்ளையைப் பூட்டினோம். அடுத்தது லோட் கொடுத்துப் பார்ப்பது. இதற்கென்று எங்களிடம் கருவி எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாடுபட வைப்பதுதான் எங்கள் முறை. சீடி சுழலும், ஒரு டிஸ்க்கிலிருந்து மற்ற டிஸ்க்குக்குக் கொப்பி ஓடும், திரையில் ஒரு கார் ரேஸ் கேம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஜீவா மீட்டரின் முனைகளை வயருக்குள் குத்திக்கொண்டு வோல்டேஜ் எண்ணைப் பார்ப்பான். நான் ஃபேனுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு எரிகிற மணம் வருகிறதா என்று பார்ப்பேன். நோன்பு காலத்தில் என் மூக்கு இன்னும் கூர்மை.

காலையில் தொடங்கி பிற்பகல் அஸர் தொழுகை வரை ஓடவிட்டோம். எண் அசையவில்லை, மணமும் இல்லை. அஸருக்குக் கடையைப் பூட்டுவது நோன்பு மாத வழக்கம் என்பதால் அத்தோடு நிறுத்தி, பாஸ் என்று முடிவு செய்தோம். பிரிண்டர் ரிப்பன் வாங்க வந்த ஒருவர் நாங்கள் படும் பாட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போகும்போது சொன்னார்.

"திருத்திற வேல எண்டு போர்டு போட்டுட்டு, ரெண்டு பேரும் கேம் பாத்துக்கிட்டு இரிக்கிங்க. நல்ல தொழில்தான்."

அஸருக்குப் பின்

அடுத்த நாளே டெலிபோன் வந்தது. வகுப்பு முடியும் நேரத்தில் பெட்டி தானாக அணைந்து மறுபடி எழும்புகிறதாம். கொண்டுவந்து ஓடவிட்டோம், குறை ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தோம், அன்று மாலையே அணைந்தது. மறுபடியும் கொண்டுவந்து மறுபடியும் அஸர் வரை ஓடவிட்டோம். பெட்டி எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஓடியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்குள் ஒரு பிள்ளையின் வாப்பா, "இந்தப் பழுதுக்குத்தான் புள்ள இவ்வளவு தூரம் நடக்கிறாளோ?" என்று கேட்டுவிட்டாராம்.

ஜீவாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. நாங்கள் சோதித்ததெல்லாம் கல்முனையில், அதுவும் பகலில். பெட்டி விழுவது சம்மாந்துறையில், மாலையில். டீச்சர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அரிசி மில்லுகள். மழைக்கால இருட்டில் வீடுகளில் லைட் வேறு நேரத்தோடேயே எரியும், ஜூஸ் அடிக்கிற பிளெண்டர்களும் சுற்றத் தொடங்கும். அந்த நேரத்துக் கரண்டை எங்கள் மீட்டர் கண்டதே இல்லை. இனி, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டு நோன்பு திறக்கிற நேரத்தில் அங்கேயே போய் லோட் கொடுப்பது என்று முடிவானது. நான் தயங்கினேன். நோன்பில்லாத ஜீவா மீட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"ஒண்ட நோன்ப நீ திற மச்சான், மீட்டர நான் பாக்கிறன்."

சிவப்புச் சுவிட்ச்

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாலையில் நாங்கள் போனபோது வானம் மூடிக் கிடந்தது. டீச்சர் எங்களுக்கு முன்பே பெட்டியைப் போட்டு, பிள்ளைகள் செய்த பயிற்சிகளைப் பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்ததாம். ஜீவா பக்கத்துப் பிளக்கில் மீட்டரைச் செருகினான். நூற்றைம்பது. இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடம். நோய் பிடிபட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவன் முகம் மட்டும் மாறியது. நூற்றைம்பதில் அந்தப் பெட்டி விழவேண்டும். அது விழாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரின் மாமனார் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் ஹாஜியார் என்று கூப்பிடும் அவர், ஆயுள் முழுக்க மில் நடத்தியவர். மில்லில் கரண்ட் குறைந்தால் ஸ்டெபிலைஸர் குமிழைத் திருப்பிவிடுவது அவருக்குக் கைவந்த வேலை. அன்று டீச்சர் பெட்டியைப் போடுமுன் அதன் பின்னால் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்சைக் கண்டிருக்கிறார். ஒரு பக்கம் 230, மற்றப் பக்கம் 115. எங்கள் கரண்டில் பாதி வருகிற நாடுகளுக்கான சுவிட்ச் அது. கரண்ட் குறைவு, ஆகவே குறைந்த எண் என்று திருப்பிவிட்டார். கணக்குச் சரிதான். நூற்றைம்பதில் தட்டுத் தடுமாறி ஓடும். கரண்ட் நிமிர்ந்து வந்தால் வெடிக்கும், வெடித்தால் டிஸ்க்குகளையும் கூட்டிக்கொண்டு போகும். எப்போது நிமிரும் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"பாங்கு சொன்ன ஒடன மில்லுகாரன் எல்லாம் மோட்டர நிப்பாட்டுவான். அதுக்குப் பிறகு கரண்ட் ராசா மாதிரி வரும்."

பாங்கு

கடிகாரத்தைப் பார்த்தேன். மேசையில் பேரீச்சம்பழம் தயாராக இருந்தது. ஊரே பாங்குக்குக் காத்திருந்த நேரத்தில் நான் ஒருவன் மட்டும் அது பிந்தாதா என்று ஏங்கினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். பட்டென்று பிளக்கைப் பிடுங்கினால், கரகரக்கிற டிஸ்க் மறுபடி எழும்பாமல், பாதி மாறிய நிலையில் பிள்ளைகளின் வேலை போகலாம். கொப்பியை நிறுத்தும்படி பட்டனை அமத்தினேன். திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றது, போகவில்லை. ஜீவா ஒரு கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தான். நூற்றைம்பது. நூற்றைம்பது. டீச்சர் வாய்க்குள் ஏதோ ஓதினார். நான் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர் ஒருமுறை இருமியது. பாங்கு தொடங்கியது. பின்னால் ஒரு மில்லின் இரைச்சல் அடங்கியது, அதற்கடுத்து இன்னொன்று. நூற்றறுபது என்றான் ஜீவா. மணல் கடிகாரம் மறைந்தது, கொப்பி நின்றது. "புடுங்கு" என்று நான் சொன்னபோது பிளக் ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. திரை இருண்டது. சுவிட்சை 230க்குத் திருப்பினோம். மறுபடி போட்டபோது டிஸ்க்கைச் சரிபார்க்கும் நீலத்திரை நகரவே நகராமல் நகர்ந்தது. கடைசியில் ஆறு பிள்ளைகளின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. டீச்சர் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மாலைக் கரண்டுக்கு ஒரு ஸ்டெபிலைஸர் வாங்கச் சொன்னான் ஜீவா. அப்போதுதான் பேரீச்சம்பழம் நசுங்கிப்போய் என் கையிலேயே இருப்பதைக் கண்டேன். ஹாஜியார் தண்ணீர் குடித்து முடித்து, எழும்பி வந்து மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"இருநூத்திப் பத்து வந்திட்டு, பாத்தியளா? நான் சொன்னன்தானே, பாங்கு சொன்னா நல்லா வரும் எண்டு."

எந்த வோல்டேஜையும் அளக்க மீட்டர் இருக்கிறது, அனுபவசாலிகளின் நல்லெண்ணத்தை அளக்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை என்பதால், சக தொழிலாளர்களே, அந்தச் சிவப்புச் சுவிட்சின் மேல் முதலில் டேப்பை ஒட்டிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.