பீலிக்கு மேலே ஒரு நிரை

பரிமளத்துக்குப் புல் என்றாலே ஆகாது. வீட்டில் பசு கட்டியிருக்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், "மாட்டு வாயில இருந்தா தீனி, மண்ணுல நின்னா களை" என்று வாயை அடைத்துவிடுவாள். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துப் பெருந்தோட்டம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை களை எடுத்தவள். அவரவருக்குப் பிரித்துவிட்ட வரிசையான நிரையில் ஒரு துளிர் மிஞ்சினாலும் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்று கங்காணி மிரட்டிப் பழக்கிய கை அது. பிற்காலத்தில் அதே கங்காணி மற்றப் பெண்களிடம், "பரிமளத்தோட நிரையப் பாருங்க" என்று சொல்லும்படி ஆயிற்று. அந்தப் பெருமை இன்னும் அவளைவிட்டு இறங்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக் குழாயான பீலிக்கு மேலே, மலைச்சரிவில், முன்பு நா மரமும் கும்புக்கு மரமுமாக நாட்டு மரங்கள் அடர்ந்திருந்தன. றப்பர் வைப்பதற்காக அவற்றை வெட்டினார்கள். பிறகு றப்பரையும் கைவிட்டார்கள். வெறும் சரிவில் கினிப்புல் ஏறி ஆளை மறைத்தது. கோடையில் தீப்பிடிக்கும், மழை விழுந்ததும் மறுபடி தழைக்கும். பீலியோ வருடா வருடம் மெலிந்துகொண்டே வந்தது. குடத்தை வைத்துவிட்டுப் போய்ச் சோறு வடித்துவிட்டு வரலாம். முழங்கால் வலியோடு ஆற்றுக்கு இறங்கி ஏறுவது பரிமளத்துக்கு உயிர் போகிற வேலை.

ஆகவே, நாட்டு மரம் நடப்போகிறோம் என்று டவுனிலிருந்து றிஸாத் என்ற இளைஞர் கன்றுகளோடு வந்தபோது முதலில் முன்வந்தவள் அவள்தான். பீலிக்கு நேர் மேலே உள்ள நிரையைக் கேட்டு வாங்கினாள். வேறு யாரையும் அந்த இடத்துக்கு நம்ப அவளுக்கு மனமில்லை. பக்கத்து நிரை, அடுத்த காம்பரா வீட்டுச் சுதர்சினிக்குப் போனது.

"கன்றைச் சுத்தி ஒரு முழம் மட்டும் புல்ல எடுங்க அக்கா. மத்தது நிக்கட்டும். நா கன்று சின்னதுல நிழல்லதான் வளரும்" என்றார் றிஸாத்.

"சரிங்க தம்பி."

வாய் சொன்னதைக் கை கேட்டால்தானே! அருவாளால் அறுத்தாள். மம்பட்டியால் தூரைக் கிளப்பினாள். தலைகாட்டிய துளிரையெல்லாம் உட்கார்ந்து பிடுங்கினாள். நிரை, பெருக்கின வாசல் மாதிரிக் கிடந்தது. சுதர்சினியின் நிரையிலோ கன்றைப் புல்லுக்குள் தேட வேண்டும்.

"என்னா புள்ள, தல வாராத பொண்ணு மாதிரி வச்சிருக்க? ஒன்கிட்ட பீலிப் பக்கத்தக் குடுத்திருந்தா வெளங்கியிருக்கும்!" என்று பரிமளம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"எனக்கு இம்புட்டுத்தான் முடியுது அக்கா" என்றாள் சுதர்சினி.

மாசி வெயிலில் பரிமளத்தின் கன்றுகள் நுனி கருகின. வீட்டுக்கு வைத்திருந்த தண்ணீரையும் சுமந்துபோய் ஊற்றினாள். ஒன்றும் பிழைக்கவில்லை. சித்திரையில் கொட்டிய முதல் மழைக்கு, பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட இல்லாத மண் அப்படியே வழுகி வந்து பீலியை அடைத்தது. பக்கத்து நிரையில், புல்லின் மறைவில், நா கன்றுகள் சிவப்புச் சிவப்பாகத் துளிர்விட்டு நின்றன.

திட்டுவதற்கு ஆள் கிடைக்காத பரிமளத்தை லயம் அன்றைக்குத்தான் பார்த்தது. சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது. சுதர்சினி ஒரு சட்டியோடு வந்து பக்கத்தில் குந்தி, தானும் அள்ளத் தொடங்கினாள். "கெடக்கட்டும் அக்கா. தம்பிகிட்ட வேற கன்று கேப்போம்" என்றாள். பீலியில் தண்ணீர் மறுபடி தெளிந்து விழும்வரை இருவரும் அள்ளினார்கள்.

றிஸாத் வேறு கன்றுகள் கொண்டுவந்தார். அதற்குள் பரிமளத்தின் நிரையில் கினிப்புல் மறுபடி முளைத்திருந்தது. இந்தத் தடவை ஒரு முழம் மட்டும் எடுத்து நட்டாள். மீதிப் புல் காற்றில் ஆடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை நமநமத்தது.

இப்போது அவள் தினமும் பசுவுக்குப் புல்லறுத்துவிட்டு வரும் வழியில் சுதர்சினியின் வாசலில் நிற்கிறாள். முதல் நாள் அருவாளை நீட்டினாள்.

"இத வாங்கி வையி புள்ள. கன்றப் பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்."

"எதுக்கு அக்கா?"

"கையில இருந்தா வெட்டிப்புடுவேன்."

சுதர்சினி சிரிக்கவில்லை. அருவாளை வாங்கிக் கூரையில் செருகினாள். பரிமளம் வெறுங்கையோடு மேலே ஏறிப் போனாள்.