பெட்டியின் மேல் இருந்த பெயர்

ஜக்கையனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே ஒலிபெருக்கி பாடினாலும் நின்றுவிடுவார். வலது கைச் சுண்டுவிரலால் வலது காதை அடைத்துக்கொண்டு, இடது காதைச் சத்தம் வரும் பக்கம் திருப்புவார். டீக்கடை ரேடியோவானாலும் சரி, கட்சிக் கூட்டமானாலும் சரி, இதே நிலைதான். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்துவிட்டு ஒரு சொல் சொல்வார். "கிழியுது." அல்லது, "அடைக்குது." ஒன்றும் சொல்லாமல் நடந்தால், அந்த செட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாய் திறந்து எதையும் அவர் பாராட்டியதில்லை.

இந்தப் பழக்கத்தை அதிக காலம் கவனித்தவன் அவருடைய மச்சினன் ராஜாராம். அக்கா பேச்சியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையோடு நின்றபடியே காதில் விரல் விட்டதிலிருந்து அவன் பார்த்து வருகிறான். வீட்டில் யாரும் இல்லாதபோது தானும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறான். விரலை வைத்தாலும் எடுத்தாலும் அவனுக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. அதுவே அவனை முதலில் உறுத்தியது. அந்த மனிதருக்கு மட்டும் என்ன கேட்கிறது?

அவர்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் ராஜாராம். மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வேலை வரும்வரை என்று ஜக்கையன் சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போடியிலிருந்து மேலே குரங்கணி வரை, கீழே சிலமலை வரை, கல்யாணமோ கோயில் கொடையோ சாவோ, மாமாவின் செட்தான். குழாய் ஸ்பீக்கர்களைப் புளியமரத்தில் கட்டுவது ராஜாராம். கட்டி முடித்ததும் மைக்கைப் பிடிப்பது ஜக்கையன்.

"ஒலி ஒளி அமைப்பு, ஜக்கையன் சவுண்ட் சர்வீஸ், போடிநாயக்கனூர்."

எந்த நிகழ்ச்சியும் இந்தச் சொற்களோடுதான் தொடங்கும். செட் யாருடையதோ அவர்தான் முதலில் மைக்கில் பேர் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் மதிக்கும் வழக்கம். கூட்டம் கலையாமல் நின்று அந்தப் பெயரைக் கேட்கும். மரத்தின் மேலிருந்து இறங்கும்போது ராஜாராமும் கேட்பான். மேடைப் பெரியவர்கள்கூட, "ஜக்கையன் ரெடியா?" என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். படித்தது நான், பெயர் இவருக்கா என்று நினைப்பான். அப்படி நினைப்பது சரியா என்றும் உடனே நினைப்பான். இரண்டாவது நினைப்பு முதல் நினைப்பை ஒருநாளும் அணைத்ததில்லை.

மாமாவும் சும்மா இருக்க மாட்டார். நாலு பேர் கூடினால் போதும்.

"நம்ம மாப்ள பி.எஸ்ஸி. வயரு எங்க ஷாக் அடிக்கும்னு கணக்குப் போட்டே சொல்லிருவாப்ல. அடிக்கும்போது நான் வாங்கிக்கிருவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். ராஜாராமும் சிரித்து வைப்பான்.

எண்பத்து ஐந்தில் ஏலத்தோட்ட முதலாளி பால்சாமி வீட்டு மாடியில் ஒரு பெரிய ஹால் கட்டினார். கலர் டிவி வந்தது, வீடியோ டெக் வந்தது. சிங்கப்பூரில் இருந்த மகள் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அனுப்பி வைத்தாள். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் மாதிரி கேட்கும் என்று எழுதியிருந்தாளாம். ஆனால் அவரிடம் இருந்த டேப் செட்டில் இணைத்தால் வசனம் மட்டும் கேட்டது. சண்டைக் காட்சி வந்து சத்தத்தைக் கூட்டியதும் செட் தானாகவே நின்றுவிட்டது. பால்சாமி ஜக்கையனை அழைத்தார்.

"பொட்டி நல்ல பொட்டிதான் மொதலாளி. இத இழுக்கத் தனி ஆம்ப்ளிபயர் வேணும்," என்றார் ஜக்கையன்.

"எது வேணுமோ நீயே பாத்து வையி. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒன் காதுதான் எனக்குத் தெரியும்."

ராஜாராம் மாமாவின் பின்னால் வயர்ச் சுருளோடு நின்றுகொண்டிருந்தான். தோளில் கிடந்த சுருள் சட்டென்று கனத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா, அந்தப் பெட்டி நாலு ஓம். நம்ம குழாய்க்குக் கொஞ்சம் குடுத்தாலே ஊரக் கூட்டிரும். இது அப்படியில்ல. கரண்டு நெறையக் குடிக்கும். நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்."

"எத்தன வாட்டு?"

"ஒரு பக்கத்துக்கு அறுவது."

ஜக்கையன் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்ட எரநூத்தம்பது வாட்டு ரெண்டு கெடக்கு. நீ அறுவதத் தூக்கிட்டு வர்ற. பாடத்துல கழித்தல் மட்டும்தான் நடத்துனாகளா மாப்ளே?"

மதுரைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றச் சொல்லி வாங்கி, தடித்த அலுமினியத் தகட்டில் டிரான்சிஸ்டர்களை முடுக்கி, ராஜாராம் அந்த ஆம்ப்ளிபயரைச் செய்திருந்தான். வாட் குறைவு, கரண்டு கொடுப்பதில் தாராளம். ஆனால் கனம், ஒருவர் தூக்கினால் முதுகு வளையும். எதற்காகச் செய்தான் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. மாமாவிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் எது இழுக்கிறது என்று பார்த்துவிட, இருவரும் அவரவர் ஆம்ப்ளிபயரை அங்கே கொண்டுபோனார்கள். வீட்டில் சமையல்காரி கருப்பம்மாள் மட்டும் இருந்தாள். முதலில் ஜக்கையனின் ஆம்ப்ளிபயர் பெட்டிகள். டேப் செட்டின் பின்னாலிருந்து சிக்னலை மட்டும் எடுத்து அவற்றுக்குக் கொடுத்தார். சத்தம் ஜன்னல் கம்பியை உலுக்கியது. அவர் மாடியிலிருந்து இறங்கி, தெருமுனைவரை நடந்துபோய், காதில் விரலை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மைக் செட்காரர்கள் எல்லோரும் செய்வது அதுதான். எவ்வளவு தூரம் போகிறது என்பதே அவர்களுக்கு அளவு.

"முக்கு வரைக்கும் தெளிவாக் கேக்குது. வேற என்ன வேணும்?"

"மொதலாளி முக்குல உக்காந்தா படம் பாக்கப்போறாரு? இங்க உக்காந்து கேளுங்க மாமா."

ஜக்கையன் சோபாவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பால்சாமி வீட்டில் அவர் உட்கார்ந்தது கிடையாது. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓரத்தில் ஒட்டினாற்போல உட்கார்ந்தார். அவருடைய பெட்டியே மறுபடி பாடியது. அவர் முகம் மாறியது. விரலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கிழியுது," என்றார், தன் பெட்டியைப் பார்த்தே.

ராஜாராம் வயரை மாற்றினான். அவனுடைய ஆம்ப்ளிபயர் பாட ஆரம்பித்தது. தவிலின் அடி தரை வழியாக வந்து உள்ளங்காலில் தட்டியது. அதன் மேல் நாதஸ்வரம் கத்தாமல், கரகரக்காமல் நின்றது. சத்தத்தைக் கூட்டினான். அதே போல் நின்றது.

ஜக்கையன் விரலை எடுத்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லா இருக்கு என்று அர்த்தம், அது ராஜாராமுக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு தடவை அவர் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று அவன் வெறியோடு விரும்பினான்.

அவர் சொல்லிவிட்டார். "போடிமெட்டு வளைவுல ஆள் லோடோட ஏறுற ஜீப்பு மாதிரி இருக்குடா. எம் பொட்டி சமதரையில நல்லாத்தான் ஓடும். மேட்டக் கண்டா மூச்சு வாங்குது. ஒன்னுது ஏறுது."

கொஞ்சம் பொறுத்து வேறு குரலில் பேசினார். "இத எம் பொட்டிக்குள்ள வச்சுரு மாப்ளே."

"என்னது?"

"மொதலாளி என்னயத்தான நம்புனாரு. வேல இல்லாத பய செஞ்சதுன்னா தொடக்கூட விடமாட்டாரு. இப்ப எம் பேருல போகட்டும். வர்ற சித்திரைக்குக் குரங்கணிக் கொடையில மைக்கப் பிடிச்சு, ஊரு கேக்க ஒம் பேர நானே சொல்றேன். எங்க மாப்ள ராஜாராம் செஞ்ச செட்டுன்னு. போதுமா?"

ராஜாராம் ஏன் சம்மதித்தான் என்று பிறகு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டான். பயமா? மரியாதையா? அல்லது, அந்தக் குரலில், அந்த மைக்கில் தன் பெயர் ஒலிப்பதை அப்போதே கேட்டுவிட்டானா? மறுநாள் ஜக்கையனின் பெட்டி ஒன்றைக் காலி செய்து தன் சாமான்களை அதற்குள் முடுக்கினான். பெட்டியின் முகத்தில் சிவப்புப் பெயிண்டில் மாமாவின் பெயர் இருந்தது. அதை அழிக்கும்படி அவர் சொல்லவில்லை.

அந்த ஹாலில் படம் பார்த்தவர்கள் ஊரெல்லாம் பேசினார்கள். ஜக்கையன் வைத்த செட்டாம். இடி இடித்தால் இருக்கை அதிருகிறதாம். கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள் அவர் கையைப் பிடித்தார்கள். அவர் பக்கத்தில் நின்ற ராஜாராமிடம், "மாமாகிட்ட நல்லாக் கத்துக்கப்பா," என்றார்கள்.

சித்திரை வந்தது. குரங்கணியில் மரத்தின் மேல் கடைசி முடிச்சைப் போட்டபடி அவன் காத்திருந்தான். மைக்கை எடுத்த ஜக்கையன் இரண்டு தடவை ஊதினார். "ஒலி ஒளி அமைப்பு," என்றார். நிறுத்தினார். பிறகு தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். "கூட்டத்துல மறந்து போச்சு மாப்ளே. அடுத்த வருசம் பாரு." அடுத்த வருஷமும் அதே இடத்தில் நிறுத்தினார். அதே பெயரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு பால்சாமி வீட்டில் பியூஸ் போனது. சரிசெய்ய ராஜாராம் தனியாகப் போனான். பெட்டி திறந்து கிடந்தது, முதலாளி எதிரே நின்றிருந்தார். இதுதான் சமயம் என்று அவனுக்குத் தோன்றியது.

"மொதலாளி, உள்ள இருக்குறது நான் செஞ்சது."

பால்சாமி எட்டிப் பார்த்தார். வியக்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை.

"இருக்கட்டும் தம்பி. யாரோ ஒருத்தரு செஞ்சுதான் இருக்கணும். இதத்தான் வைக்கணும்னு சொன்னது ஜக்கையன்ல்ல?"

ராஜாராம் திரும்பி நடந்தான். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று தேடினான். தன் பெட்டியைப் பற்றி அவ்வளவு பெருமை பேசிய மாமா, உட்கார்ந்து கேட்டதும், கிழியுது என்றாரே. தன்னால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்று தோன்றியதும் பொறாமை இன்னும் கூடியது.

செய்தி ஜக்கையனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. பட்டறையில் மைக் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"சொல்லத்தான் மைக்க எடுக்கிறேன் மாப்ளே. ஒம் பேரு தொண்ட வரைக்கும் வருது. அதுக்குமேல எம் பேரா மாறிப்போகுது. அந்தப் பொட்டி பாடுறதக் கேட்ட நாள்லருந்து எனக்கு ஒன்னயக் கண்டா ஆகல. அதான் நெசம்."

எனக்கும் உங்களைக் கண்டால் ஆகவில்லை மாமா என்று ராஜாராம் சொல்லியிருக்கலாம். "விடுங்க," என்றான்.

"விடல. வர்ற சித்திரைக்குச் சொல்லிருவேன். நீ மரத்துல நிக்காத. எம் பக்கத்துல வந்து நில்லு. நீ நின்னா வந்துரும்."

பங்குனியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்பில், எதிரே வந்த கல்யாண வேனின் குழாய்ச் சத்தத்துக்கு வலது கையைத் தூக்கப் பார்த்தார் என்று பேச்சி சொன்னாள். அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவரவில்லை.

குரங்கணிக்காரர்கள் முன்பே சொல்லி வைத்திருந்ததால் சித்திரைக்கு செட் போனது. ராஜாராம் குழாய் கட்ட வேறு ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றான், மாமா தன் பக்கத்தில் நிற்கச் சொன்ன இடத்தில். பூசாரி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். மைக் அவன் கைக்கு வந்தது.

அவன் பெயரைச் சொல்லத் தடையாக இப்போது யாரும் இல்லை. அதைத் தானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவன் கேட்க நினைத்த குரல் வேறு. வலது காதைச் சுண்டுவிரலால் அடைத்துக்கொண்டான்.

"ஒலி ஒளி அமைப்பு, ஜக்கையன் சவுண்ட் சர்வீஸ், போடிநாயக்கனூர்."

மலைச்சரிவில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய இன்னொரு பெயருக்காக அவன் கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்தபடியே நின்றான்.