காற்புள்ளி விழுங்கிய எட்டு வசனம்

அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. முப்பத்தோரு வருஷமாக அவர் அங்கே பிழைதிருத்துபவர். அச்சுக்குப் போகிற தாள் எதுவானாலும் அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். வந்த தாள் சிவப்பு மை படாமல் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. தன் சொந்தக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு காற்புள்ளி இடம் மாறி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, முந்நூறு பத்திரிகையையும் உட்கார்ந்து பேனாவால் திருத்திய மனிதர். மாமனார் மிரண்டுபோய், "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ரகசியமாக விசாரித்தாராம். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவருடைய பெருமை அச்சகத்தில் இல்லை, சபையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தவர் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலமே போய், மேடையிலிருக்கிற பெரிய வேதப் புத்தகத்தைத் திறந்து, மறுநாள் பாடம் வருகிற பக்கத்தில் சிவப்பு நாடாவை இழுத்து வைத்துவிட்டு வருவார். காலையில் வெள்ளைச் சட்டை, தொண்டைக்கு ஒரு மடக்கு வெந்நீர். வாசித்தால் ஒரு எழுத்து பிசகாது, ஒரு நிறுத்தம் தவறாது. வாயில் நுழையாத ராஜாக்களின் பேரெல்லாம் அவர் வாயில் தண்ணீர் பட்ட பாடாக ஓடும்.

அந்த மகாராஜாவின் நாற்காலிக்குத்தான் ஆள் வந்து சேர்ந்தான். ஆள் யார்? அச்சகத்துக்கு நாலு கடை தள்ளி பஞ்சர் ஒட்டுகிறவர். நகக்கண்ணில் கறுப்பு மசி, கழுத்தில் அழுக்குத் துண்டு, பேச்சில் இலக்கணம் மருந்துக்கும் கிடையாது. சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிறு காற்புள்ளிக்கு ஜுரம் என்று போதகர் இவரை வாசிக்க எழுப்பி விட்டார். அவ்வளவுதான், வந்தது வினை. பஞ்சர்காரர் வாசித்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அழுகிற இடத்தில் சபையே மூக்கை உறிஞ்சியதாம். அடுத்த மாதத்திலிருந்து ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். அதற்கடுத்த மாதம் மூன்று வாரம் பஞ்சர்காரர், ஒரே ஒரு வாரம் காற்புள்ளி.

"அவர் வாசிச்சா நேர்ல பாக்கற மாதிரியே இருக்குங்க," என்றாள் மனைவி, வீட்டுக்கு நடந்து வரும்போது. கண்ணைத் துடைத்த கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது.

"நான் வாசிச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வாசிச்சா தப்பே இருக்காதுங்க."

பாவம், பாராட்டித்தான் சொன்னாள். அவருக்கோ அடிவயிறு பற்றி எரிந்தது. அடுத்த வாரமே முதல் வரிசையை விட்டுவிட்டு வாசல் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களிடம் காற்று வாங்க என்றார்.

ஜெபம் பண்ணாமல் இருந்தாரா என்றால், பண்ணினார். தினமும் விடியற்காலையில் கட்டிலோரம் முழங்கால் போட்டுப் பண்ணினார். என்னவென்று? "ஆண்டவரே, அந்தச் சகோதரனுக்கு இதைவிடப் பெரிய ஊழியத்தைக் கொடும். வேற சபையில கொடும்." இப்படி ஒரு ஜெபம் மேலே போய்ச் சேருமா? கூரை உத்தரம் வரை ஏறித் திரும்பித் தன் தலையிலேயே விழுவது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து பல் துலக்கப் போனார். எரிகிற மனசோடு முழங்காலில் நிற்பது எவ்வளவு அவமானம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாசிப்பைப் பிடுங்கிக்கொண்டாலும் நாடா வைக்கிற வேலையை யாரும் அவரிடமிருந்து வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் கை நாடாவை நூறு பக்கம் தள்ளி வைத்தது. கை தவறிவிட்டது என்று ஆண்டவரிடமே சொல்லிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்கு அந்த ஆள் மேடையில் பக்கத்தைத் தேடித் தடுமாறட்டும், சபை பார்க்கட்டும் என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சர்காரர் மேடை ஏறினார், நாடா இருந்த இடத்தில் திறந்தார், குனிந்தார், வாசித்தார். அன்றைய பாடத்தையேதான் வாசித்தார். ஒரு தாள்கூடப் புரட்டவில்லை.

காற்புள்ளி கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் யாரும் பார்க்காதபோது மேடைக்குப் போய்ப் பார்த்தார். புத்தகம் அதே தப்பான பக்கத்தில் விரிந்து கிடந்தது. யார் யாரைப் பெற்றார் என்கிற வம்ச வரலாறு. அந்த ஆளுக்கு எழுத்தே தெரியாது! அத்தனையும் மனப்பாடம். காற்புள்ளிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. போதகரிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும். எப்படிப் போடுவது, எந்தத் தொனியில் போட்டால் தன்மேல் பழி வராது என்று மூன்று நாள் மனசுக்குள்ளேயே அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பஞ்சர்காரரே அச்சகத்துக்கு வந்து நின்றார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். அப்படியும் மசி போகவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

காற்புள்ளி சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார்.

"எம் பொண்ணு படிச்சுக் காட்டுவா, அண்ணே. மூணு தடவை கேட்டா எனக்கு ஒட்டிக்கும். இப்ப அவளுக்கு வெளியூர்ல வேலை ஆயிடுச்சு, போயிட்டா. போன்லகூட ஒருத்தன் வாசிக்கிறான், ஆனா நியூஸ் சொல்ற மாதிரி இருக்கு, மனசுல நிக்க மாட்டேங்குது. போதகர் ஐயா என்னை வாசிக்கச் சொன்ன அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருக்கணும், வெக்கமாப் போச்சு. நீங்கதான் ஒரு எழுத்து விடாம வாசிப்பீங்க. இந்த வாரப் பாடத்தை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

எதிரி தானாக வந்து கழுத்தை நீட்டினால் மனுஷன் என்ன செய்வான்? காற்புள்ளி இழுப்பறையிலிருந்து தன் வேதத்தை எடுத்தார். ஒரு நாற்காலியைக் காட்டினார். மேஜைமேல் பாதி திருத்திய தாள்கள் கிடந்தன; அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரப் பாடம், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வந்த இளைய மகனின் கதை. தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், புது அங்கி, மோதிரம், செருப்பு, வீட்டில் விருந்து. பஞ்சர்காரர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கேட்டார். அதோடு கதை முடியவில்லை. மூத்தவன் இருக்கிறானே! ஒரு நாளும் தப்புப் பண்ணாத மூத்தவன், வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டு வயிறெரிந்து வெளியே நிற்கிற பகுதி இன்னும் எட்டு வசனம் பாக்கி. காற்புள்ளி அந்த வரிக்கு வந்தார். பார்த்தார். தொண்டை அடைத்துக்கொண்டது.

"அவ்வளவுதான்," என்றார்.

முதல் தடவை தொண்டைமேல் பழி போடலாம். இரண்டாம் தடவை வாசித்தபோதும் அங்கேயே நிறுத்தினாரே, அதற்கு எந்தத் தொண்டை? மூன்றாம் தடவை புத்தகத்தை மூடியே விட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொருவர் மடியிலும் வேதம் விரிந்திருக்கும். அந்த ஆள் பாதியில் நிற்பான், எல்லாருக்கும் தெரிந்துவிடும். தான் போதகரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

"ரொம்ப நன்றிண்ணே," என்று பஞ்சர்காரர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் காற்புள்ளி அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார். நாலு எட்டு நடந்து, "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்ப்பக்க நடைபாதையில் போனார். விடியற்காலை ஜெபத்தையும் அந்த இரண்டு நாள் விட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. பஞ்சர்காரர் அன்றைக்கு வாசித்தது போல் ஒரு நாளும் வாசித்ததில்லை. தகப்பன் ஓடுகிற இடத்தில் காற்புள்ளியின் மனைவி கைக்குட்டையை எடுத்தாள். விருந்து ஆரம்பமானது. பஞ்சர்காரர் நிமிர்ந்தார், புத்தகத்தை மூடக் கையை வைத்தார்.

ஒருவரும் அசையவில்லை. எல்லார் விரலும் அவரவர் பக்கத்தில் அடுத்த வரியில் இருந்தது. முன்வரிசையில் யாரோ, "இன்னும் இருக்கே," என்றார்கள். போதகர் புன்னகையோடு, "வாசிங்க," என்று கையைக் காட்டினார். பஞ்சர்காரர் குனிந்து பக்கத்தைப் பார்த்தார். கண் மேலும் கீழும் ஓடியது. பிடித்துக்கொள்ள அங்கே ஒரு எழுத்தாவது தெரிந்திருக்க வேண்டுமே! முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தலையைத் தூக்கி, அத்தனை பேருக்கும் மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. உதவி கேட்கிற பார்வை.

எத்தனை மாதமாக இந்த நிமிஷத்துக்கு ஏங்கினார் காற்புள்ளி! வந்துவிட்டது. வாயில் வைத்தால் வேப்பங்காயாகக் கசந்தது. கால் தானாக எழுந்தது.

கையில் புத்தகம் இல்லை, தேவையும் இல்லை. வாசல் பக்கத்தில் நின்றபடியே மூத்தவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வயலிலிருந்து வந்தவன், பாட்டுச் சத்தம் கேட்டவன், வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தவன், கோபித்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றவன். இத்தனை வருஷம் உமக்கு உழைத்தேனே, எனக்கு என்ன செய்தீர் என்று தகப்பனிடம் அவன் கேட்கிற இடத்தில் காற்புள்ளியின் குரல் உடைந்தது. ஒரு வார்த்தையை விட்டார், இன்னொன்றை இரண்டு தடவை சொன்னார். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிற இடத்தில் அழுதே விட்டார்.

சபை விம்மியது. பிரசங்கத்தில் போதகர், "ரெண்டு சகோதரர்களும் பிரிச்சு வாசிச்சது எவ்வளவு பொருத்தம்!" என்று பாராட்டினார். வெளியே வந்ததும் பஞ்சர்காரர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "நல்லவேளைண்ணே, மானத்தைக் காப்பாத்திட்டீங்க." மனைவி கண் சிவந்து, "இன்னிக்கு உங்க வாசிப்புதாங்க வாசிப்பு," என்றாள். இருபத்திரண்டு வருஷம் ஏங்கிய பேச்சு அது. அதைக் கேட்டுக்கொண்டு வீடு வரை நடப்பதற்குள் மனுஷன் செத்துப் பிழைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் அச்சகத்தில் சொல்லிவிட்டு பஞ்சர் கடைக்குப் போனார். நல்ல வெயில். பஞ்சர்காரர் கடைக்குள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். காற்புள்ளி வெளியே நின்றபடியே சொன்னார்.

"நேத்து நடந்தது உன் தப்பில்ல. அந்த எட்டு வசனத்தை நான்தான் வேணும்னே சொல்லாம விட்டேன். அதுக்கு முந்தின வாரம் நாடாவையும் தப்பான பக்கத்துல வச்சேன்."

"நாடாவையா?" பஞ்சர்காரர் நிமிர்ந்தார். "எந்தப் பக்கமா இருந்தா எனக்கு என்னண்ணே?" என்று சிரித்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்தினார். எட்டு வசனத்தை விட்ட விஷயம் அப்போதுதான் உறைத்தது. டியூப் கையிலிருந்து நழுவித் தொட்டியில் மிதந்தது.

"எதுக்குண்ணே?"

"பொறாமை."

அச்சுத்தாளில் எத்தனையோ தடவை திருத்திய வார்த்தைதான். தன்னைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எம்மேலயா?" பஞ்சர்காரருக்குக் கோபம் ஏறியது. "இந்தக் கையைப் பாத்தா? அங்க நின்னப்ப எனக்குக் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு, தெரியுமா? நீங்க ஒரு தாளைப் பாத்தவுடனே உங்க வாய் தானாப் பேசுது. அதைப் பாத்து நான் எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன்! எம் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப அவமேலயே எரிஞ்சிருக்கேன். அதுக்காக உங்க கழுத்தையா அறுத்தேன்?"

"இல்ல," என்றார் காற்புள்ளி. வேறென்ன சொல்வார்? மன்னிப்புக் கேட்டார். அது அவருடைய வாசிப்பு போல் சுத்தமாக வரவில்லை.

பஞ்சர்காரர் தொட்டிப் பக்கம் திரும்பினார். டியூபை எடுத்து மறுபடி அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் துடைத்தார், உரசினார், பசை தடவினார், காயட்டும் என்று வைத்தார். ஒரு வண்டிக்காரர் வந்து காற்றடித்துக்கொண்டு போனார். காற்புள்ளி நின்ற இடத்திலேயே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"அந்த மூத்தவன்," என்றார் பஞ்சர்காரர், தலையைத் தூக்காமல். "அப்பா வந்து கூப்பிட்டாருன்னு சொன்னீங்களே. அப்புறம் உள்ள போனானா?"

"அது எழுதல. அதோட முடிஞ்சுடுது."

"முடிஞ்சுடுதா?" இப்போது நிமிர்ந்து நேராகப் பார்த்தார். "போன தடவையும் அவ்வளவுதான்னுதானே சொன்னீங்க?"

காற்புள்ளிக்கு முகம் செத்துவிட்டது. முப்பத்தோரு வருஷமாக ஊருக்கெல்லாம் பிழை திருத்தினவர் வாய்ப்பேச்சை இனி யார் நம்புவார்? "சத்தியமா அவ்வளவுதான்," என்றார். "அவன் போனானா இல்லையான்னு எனக்கும் தெரியல."

பஞ்சர்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலால் ஒரு பழைய டயரை நகர்த்தி, மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துத் துண்டால் துடைத்தார்.

"வெயில்லயே நிக்கிறீங்களே. உள்ள வாங்க," என்றார். "வந்து அடுத்த வாரப் பாடத்தைச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

காற்புள்ளி தலையைக் குனிந்துகொண்டு, பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார்.